மூன்று அளவீடுகள்: காரின் பற்றரியை வீட்டிலேயே சோதித்தல்

(குளிர்காலத்தை முன்னிட்டு நகரசபை நடத்திய தகவல் கூட்டத்தில் சபையின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகரசபையின் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நான் வழக்கமாக உங்கள் முன் எடுத்து வருபவை வரிப் படிவங்கள், பாடசாலைச் சுற்றறிக்கைகள், வதிவிட அனுமதி தொடர்பான அறிவித்தல்கள் ஆகியவையே. இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, காரின் பற்றரியைப் பற்றிப் பேச வந்துள்ளேன். சட்டம் படித்தவருக்குப் பற்றரியோடு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அதற்கான காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

எம்மவரிற் பலர் உணவகங்களிலும் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் ஈடுபட்டுள்ளனர். அதிகாலை ஐந்து மணிக்கு முதற் பேருந்து புறப்படுவதற்கு முன்னரே வேலைத்தலத்தில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள். தை மாதக் குளிரில், வாகனத் தரிப்பிடத்தில், திறப்பைத் திருப்பும்போது இயந்திரம் முனகிவிட்டு நின்றுவிட்டால் அன்றைய வேலை நேரம் கைவிட்டுப் போகிறது. வேலைத்தலத்துக்கு வந்து சேரும் பொறுப்பு தொழிலாளியினுடையது என்பதே இந்நாட்டில் பொதுவான நிலைப்பாடு. கார் பழுதடைந்ததனால் தவறிய மணிநேரங்களுக்குச் சம்பளம் கோருவது எளிதன்று. ஒரு நாள் தவறினால் மன்னிப்பு உண்டு. மாதத்தில் மூன்று நாள் தவறினால் எச்சரிக்கைக் கடிதம் வருகிறது. அக்கடிதத்தை மொழிபெயர்த்துத் தருமாறு எம்மிடம் கொண்டு வருகிறார்கள். கடிதத்தை மொழிபெயர்ப்பதிலும் பார்க்க அது வராமற் செய்வது மேலல்லவா?

நான் இன்று கூற விரும்புவது ஒன்றே. பற்றரி பெரும்பாலும் ஒரே இரவில் செத்துப் போவதில்லை. வாரக்கணக்காகத் தளர்ந்து, பின்னரே கைவிடுகிறது. அந்தத் தளர்ச்சியை ஓர் எண்ணாக முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். அதற்குத் தேவை ஒரு சிறு கருவியும் சில நிமிட வேலையும் மட்டுமே. வாகனத் திருத்துநராக இருக்க வேண்டியதில்லை.

பற்றரி ஏன் இத்துணை முக்கியமாயிற்று?

மின்னழுத்தத்தை அளக்கும் அலகான வோல்ற்று, அலெசாண்ட்ரோ வோல்ற்றா என்ற அறிவியலாளரின் பெயரால் வழங்குவது. அவர் பிறந்த கோமோ நகரம், ரிச்சினோ மாநிலத்தின் எல்லையைக் கடந்தால் அண்மையிலேயே உள்ளது. 1800 ஆம் ஆண்டில் அவர் தமது மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். 1859 இல் பிரான்சைச் சேர்ந்த கஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய அமிலக் கலத்தை ஆக்கினார். இன்று பெரும்பாலான கார்களில் உள்ள பற்றரி அதன் வழித்தோன்றலே. 1912 இல் கடிலாக் கார்களில் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் பொருத்தப்பட்டது. அதுவரை இரும்புக் கைபிடியைச் சுழற்றியே இயந்திரத்தைத் தொடக்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைக் கைபிடியாற் சுழற்றித் தொடக்கியவர்களும், பின்னால் நின்று தள்ளியவர்களும் இம்மண்டபத்தில் இருப்பீர்கள். 1990 களின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரமும் இன்றி, பொருளாதாரத் தடையால் வானொலிக்கு இடும் சிறு மின்கலங்களும் கிடையாதிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, அதன் தைனமோவிலிருந்து வந்த மின்னில் செய்தி கேட்டவர்கள் நாம். சிறிதளவு பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தைத் தொடக்கி, பின்பு மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்களும் எம்மவரே. மின்னின் அருமையை எமக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பழைய வழிகள் இன்றைய கார்களுக்கு உதவா. கைபிடி செருகும் துளை இன்று எந்தக் காரிலும் இல்லை. தன்னியக்கக் கியர் கொண்ட காரைத் தள்ளித் தொடக்க முடியாது. கதவின் பூட்டு, திறப்பை அடையாளங்காணும் கருவி, எரிபொருளைச் செலுத்தும் கணினி ஆகிய அனைத்தும் பற்றரியையே நம்பியுள்ளன. ஜேர்மனியின் அடாக் மோட்டார் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் பழுதுக் கணக்கில், அண்மைய ஆண்டுகளில், 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை 12 வோல்ற்றுப் பற்றரி சார்ந்தவையே.

குளிர் என்ன செய்கிறது?

பற்றரியின் உள்ளே நிகழ்வது ஒரு வேதித் தாக்கம். குளிர் மிகும்போது அத்தாக்கம் மந்தமாகிறது. அதே வேளையில் இயந்திர எண்ணெய் தடித்துவிடுவதால் இயந்திரத்தைச் சுழற்றுவதற்கு முன்னிலும் அதிக வலு வேண்டியுள்ளது. கொடுப்பவரின் கை இளைக்கும் நேரத்திலேயே கேட்பவரின் தேவை பெருகுகிறது. கோடையில் எவ்விதக் குறையும் காட்டாத பற்றரி, முதலாவது கடுங்குளிர் இரவில் கைவிடுவது இதனாலேயே.

இந்நாட்டில் பதிவான மிகக் கடுங்குளிர், நொய்சாற்றல் மாநிலத்தின் லா பிரெவின் என்னும் ஊரில் 1987 ஜனவரி 12 ஆம் நாள் அளக்கப்பட்ட −41.8 பாகை செல்சியஸ் ஆகும். எமது நகரங்களில் அத்தகைய குளிர் இல்லை. ஆயினும் அத்துணை குளிர் தேவையுமில்லை. முழுமையாக மின்னேற்றிய பற்றரியின் அமிலம் −60 பாகைக்கு அண்மையிலேயே உறையும். மின் முற்றாக வடிந்த பற்றரியில் அமிலம் ஏறத்தாழ நீராகவே மாறிவிடுவதால், அது −10 பாகையளவிலேயே உறையத் தொடங்கலாம். உறைந்த பற்றரியின் பெட்டி வெடிப்புறும். அதற்கு மின்னேற்றவோ பிற காரிலிருந்து மின் கொடுக்கவோ ஒருபோதும் முயலக் கூடாது.

இன்னொரு காரணம் எமது ஓட்டும் முறை. வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிடம், கடையிலிருந்து தமிழ்ப் பாடசாலைக்கு ஐந்து நிமிடம் என்று ஓடும் கார், தொடக்கும்போது எடுத்த மின்னைத் திருப்பிக் கொடுக்க அவகாசம் பெறுவதில்லை. ஆசனச் சூடாக்கி, பின்கண்ணாடிச் சூடாக்கி, முகப்பு விளக்கு ஆகியனவும் பங்கு கேட்கின்றன. 2014 ஜனவரி 1 முதல் பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும் என்பது சட்டம். விளக்கு தானாக அணையாத பழைய கார்களில், இறங்கும்போது அதனை அணைக்க மறந்தால் மறுநாட் காலை பற்றரி வெறுமையாகியிருக்கும்.

அளப்பதற்கு முன்

வேண்டிய கருவி மல்ரிமீற்றர். எமது பாடநூல்கள் இதனைப் பல்மானி என்கின்றன. கட்டடப் பொருட் கடைகளில் சில பத்துப் பிராங்குகளுக்குக் கிடைப்பதே போதும்.

பாதுகாப்பை முதலில் கூறுகிறேன். பற்றரியிலிருந்து, சிறப்பாக மின்னேற்றும் வேளையில், எளிதில் தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயு வெளியேறலாம். ஆகவே சிகரெற், தீக்குச்சி, விளக்குச் சுடர் எதுவும் அருகில் வேண்டாம். புதுக் காருக்குப் பூசை செய்வோர், பொனற் திறந்திருக்கும் நேரத்தில் அதனருகே கற்பூரம் ஏற்றலாகாது. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். தாலிக்கொடியோ சங்கிலியோ தொங்குமாயின் அதனை உடைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். தங்கம் மின்னை மிக நன்றாகக் கடத்தும். இரு முடிவிடங்களை அது ஒன்றாகத் தொட்டுவிட்டால் நொடியில் சிவக்கச் சூடேறிச் சதையைச் சுட்டுவிடும்.

பற்றரியில் உள்ளது சல்பூரிக்கமிலம். கசிவோ வெடிப்போ தென்பட்டால் கைவைக்காதீர்கள். கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் கழுவிக்கொண்டே 144 ஐ அழையுங்கள். நச்சுப் பொருள் பற்றிய ஆலோசனைக்கு 145 என்னும் இலக்கம் இரவு பகலாக இயங்குகிறது. மின் வாகனம் அல்லது கலப்பு வாகனம் வைத்திருப்போர், செம்மஞ்சள் நிறக் கம்பிகளையும் அவை சென்று சேரும் எதனையும் தொடவே கூடாது. அவ்வாகனங்களிலும் தனியாக ஒரு 12 வோல்ற்றுப் பற்றரி உண்டு. அதனை எங்கே, எவ்வாறு அளக்கலாம் என்பதை வாகனக் கைநூலைப் பார்த்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

முதலாவது அளவீடு: ஓய்வில்

இதற்கு உகந்த நேரம், கார் ஓடாமல் பல மணிநேரம் நின்ற பின்னர். இரவு நிறுத்திய காரைக் காலையில் அளப்பது மிக நன்று. ஓடி முடிந்த உடனே அளந்தால், தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின் காரணமாக உண்மையிலும் உயர்ந்த எண் தோன்றி உங்களை ஏமாற்றும்.

பொனற்றைத் திறந்த பின், காரின் கதவுகளைப் பூட்டி, திறப்பைச் சில மீற்றர் தொலைவில் வைத்து, அரை மணிநேரம் காத்திருங்கள். கதவு திறக்கும்போது விழித்துக்கொள்ளும் கணினிகள் மீண்டும் உறங்குவதற்கு அந்நேரம் வேண்டும். சில கார்களில் பற்றரி பின்பெட்டியிலோ ஆசனத்துக்குக் கீழேயோ இருக்கும். அவற்றிற் பெரும்பாலானவற்றில் அளப்பதற்கென முன்புறத்தில் முடிவிடம் ஒன்று வைத்திருப்பார்கள்.

மல்ரிமீற்றரின் கறுப்புக் கம்பியைப் பொதுத் துளையிலும், சிவப்புக் கம்பியை வோல்ற்று என்று குறித்த துளையிலும் செருகுங்கள். அம்பியர் என்று குறித்த துளையில் சிவப்புக் கம்பி இருந்தால், அளப்பதற்குப் பதிலாகக் குறுஞ்சுற்று உண்டாகித் தீப்பொறி பறக்கும். ஆகவே இதனை இருமுறை பாருங்கள். பின்பு சுழற்றியை நேரோட்ட வோல்ற்றுக்குத் திருப்புங்கள். நேர்க் கோடும் அதன் கீழ் புள்ளிக் கோடும் அதன் குறி. அலைபோன்ற குறி ஆடலோட்டத்துக்கு உரியது. அது இங்கே உதவாது. எல்லை தெரிவு செய்ய வேண்டிய கருவியாயின் 20 வோல்ற்றைத் தெரிவு செய்யுங்கள்.

சிவப்பு முனையைக் கூட்டற் குறியுள்ள நேர் முடிவிடத்திலும், கறுப்பு முனையைக் கழித்தற் குறியுள்ள மறை முடிவிடத்திலும் வையுங்கள். மாற்றி வைத்தாலும் கேடில்லை, எண்ணுக்கு முன் கழித்தற் குறி தோன்றும், அவ்வளவே.

இப்போது எண்ணைப் படியுங்கள். பற்றரிக்குள் ஆறு கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற்றுத் தருவதால், நிறைந்த பற்றரி 12.6 அல்லது 12.7 வோல்ற்றுக் காட்டும். ஸ்ரார்ட்-ஸ்ரொப் வசதியுள்ள கார்களிற் பயன்படும் சிறப்புப் பற்றரிகள் 12.8 ஐயும் தாண்டலாம். 12.4 எனில் ஏறத்தாழ முக்காற் பங்கு மின் உண்டு. 12.2 எனில் பாதியளவே எஞ்சியுள்ளது. அன்றைக்கே மின்னேற்றுவது நன்று. 12.0 எனில் காற் பங்கு. 11.8 அல்லது அதற்குக் கீழ் எனில் வெறுமை. 10.5 ஐ ஒட்டிய எண் வந்தால், ஆறு கலங்களில் ஒன்று செத்துவிட்டது என்று கொள்ள இடமுண்டு. ஐந்து கலங்களின் கூட்டுத்தொகை அதுவே.

கவனியுங்கள்: 12.6 க்கும் 12.0 க்கும் உள்ள வேறுபாடு வெறும் 0.6. 'பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி, பன்னிரண்டு காட்டுகிறது, ஆகவே நலம்' என்று எண்ணுவதே பலரும் கொள்ளும் தவறான கருத்து. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணிலேதான் எல்லாம் அடங்கியுள்ளது.

இரண்டாவது அளவீடு: இயந்திரம் தொடங்கும்போது

ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை மட்டும் கொண்டு எந்த நீதிமன்றமும் எளிதில் தீர்ப்பு எழுதுவதில்லை. முதுமையடைந்த பற்றரி ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, சுமை ஏறியதும் சரிந்துவிடக்கூடும். எனவே இரண்டாவது அளவீடு வேண்டும்.

இதற்கு இருவர் தேவை. கைத்தடையை இட்டு, கியரைப் பொதுநிலையில் வைத்து, ஒருவர் இயந்திரத்தைத் தொடக்க, மற்றவர் எண்ணைக் கவனிக்க வேண்டும். கம்பிகளும் உடையும் தலைமுடியும் சுழலும் பட்டிகளுக்கு அருகே செல்லாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த பெறுமதியைப் பிடித்து வைக்கும் வசதி மல்ரிமீற்றரில் இருந்தால் அதனைப் பயன்படுத்துங்கள். ஏனெனில் வீழ்ச்சி ஒரு நொடியில் வந்து மறைந்துவிடும்.

எண் 10 க்கு மேல் நின்றால் மகிழ்ச்சி. மிதமான வெப்பநிலையில் 9.6 க்குக் கீழே இறங்கினால், அதுவும் ஓய்வில் நிறைவாகக் காட்டிய பற்றரி அவ்வாறு இறங்கினால், அதன் காலம் முடிவை நெருங்குகிறது. கடுங்குளிரில் சற்றுக் கூடுதலாக இறங்குவது இயல்பு.

மூன்றாவது அளவீடு: இயந்திரம் ஓடும்போது

இயந்திரம் ஓடத் தொடங்கியதும், ஒல்ரனேற்றர் எனப்படும் மின்பிறப்பாக்கி பற்றரிக்கு மின்னூட்டுகிறது. அப்போது வழக்கமாக 13.8 க்கும் 14.7 க்கும் இடைப்பட்ட எண் தோன்றும். எண் 12 இலேயே நின்று, முகப்பு விளக்குகளை ஏற்றியதும் மேலும் இறங்கிக்கொண்டே போனால், குற்றவாளி பற்றரி அன்று. மின்பிறப்பாக்கியையோ அதன் பட்டியையோ பார்க்க வேண்டும். இதனை அறியாமற் புதிய பற்றரி வாங்கிப் பூட்டினால், அதுவும் சில நாட்களில் வெறுமையாகிவிடும். எண் 15 ஐத் தாண்டி அங்கேயே நிலைத்திருந்தாலும் திருத்துநரிடம் காட்ட வேண்டும்.

ஒன்றை இங்கே சேர்த்துக் கூற வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக மின்பிறப்பாக்கியைக் கணினி கூட்டியும் குறைத்தும் இயக்குகிறது. ஆகவே அவற்றில் எண் ஏறி இறங்குவதைக் கண்டு அஞ்ச வேண்டாம். விளக்கையும் சூடாக்கியையும் இயக்கிவிட்டு மீண்டும் பாருங்கள்.

எண் குறைவாயின் என் செய்வது?

12.4 க்குக் கீழ் எனில் மின்னேற்றி கொண்டு மின்னேற்றுவதே முறை. குறைந்த மின்னோடு நீண்ட நாள் விடப்பட்ட பற்றரியின் தகடுகளில் சல்பேற்றுப் படிகங்கள் இறுகிப் படிந்து, பின்பு எவ்வளவு மின் ஊட்டினாலும் ஏற்காத நிலை உண்டாகும். உங்கள் பற்றரியின் வகைக்கு ஏற்ற தன்னியக்க மின்னேற்றியை வாங்குங்கள். கறுப்புப் பிடியைப் பற்றரியில் அன்றி, கைநூல் காட்டும் உலோக இடத்திற் பூட்டுமாறு பல புதிய கார்களில் அறிவுறுத்தியிருப்பார்கள். அதனைப் பின்பற்றுங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் மட்டுமே மின்னேற்றுங்கள்.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. அடுக்குமாடி வீடுகளின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் சுவரில் ஒரு மின் செருகி இருக்கும். அது பெரும்பாலும் பொது மின்சாரம், அதன் கட்டணத்தை எல்லாக் குடியிருப்பாளரும் பகிர்ந்து செலுத்துகின்றனர். அனுமதியின்றி அதில் மின்னெடுப்பதைச் சுவிஸ் குற்றவியற் சட்டக்கோவையின் 142 ஆம் உறுப்புரை, முறைப்பாடு செய்யப்படுமிடத்து, தண்டனைக்குரிய செயலாகக் கொள்கிறது. சில சதங்களுக்கான மின்சாரம் அயலாரோடு மனத்தாங்கலாக வளர வேண்டாம். வீட்டுப் பராமரிப்பாளரிடமோ வீட்டு நிர்வாகத்திடமோ முன்கூட்டியே கேளுங்கள். மின்னஞ்சலிற் கேட்டு மறுமொழியைச் சேமித்து வைப்பது நன்று.

அதுபோலவே, பற்றரிக்கு மின்னூட்டுவதற்காக நிறுத்திய காரின் இயந்திரத்தை ஓடவிட்டு வைப்பதும் கூடாது. 1962 நவம்பர் 13 ஆம் நாளைய வீதிப் போக்குவரத்து விதிகள் ஒழுங்குவிதியின் 33 ஆம் உறுப்புரை, நின்ற வாகனத்தின் இயந்திரத்தைத் தேவையின்றிச் சூடேற்றுவதையும் ஓடவிடுவதையும் மட்டுமன்றி, ஸ்ராட்டரை முறையின்றித் தொடர்ந்து இயக்குவதையும் தடைசெய்கிறது. தொடங்க மறுக்கும் காரை விடியற்காலையில் திரும்பத் திரும்ப முயல்வது பற்றரிக்கும் கேடு, அயலாரின் உறக்கத்துக்கும் கேடு, சட்டத்துக்கும் மாறு. மேலும் அவ்வாறு ஓடவிட்ட இயந்திரம் தரும் மின் மிகச் சொற்பமே.

விடுமுறைக்கு ஊர் செல்வோருக்கு

ஆடி, ஆவணி மாதங்களில் நான்கு வாரம் ஊருக்குச் சென்று திரும்புவோர் இக்கணக்கைக் கவனியுங்கள். பூட்டி நிறுத்திய காரும் சிறிது மின்னை உண்டுகொண்டே இருக்கிறது. அது 0.05 அம்பியராயின், ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி. 28 நாட்களில் 33.6 அம்பியர் மணி. பற்றரியின் கொள்ளளவு 60 அம்பியர் மணி எனில், பாதிக்கு மேல் போய்விட்டது. புறப்படும்போதே பற்றரி பாதியாக இருந்திருந்தால் திரும்பி வரும்போது எஞ்சுவது எதுவுமில்லை. பயணப் பொதிகளோடும் உறக்கக் கலக்கமுள்ள குழந்தைகளோடும் விமான நிலையத் தரிப்பிடத்தில் இதனை அறிந்துகொள்வது வேதனை. ஆகவே பயணத்துக்கு ஒரு கிழமை முன்னர் அளந்து, குறைந்திருந்தால் நிறைத்துவிட்டுச் செல்லுங்கள்.

இருந்தும் நின்றுவிட்டால்

பிற காரிலிருந்து மின் பெறுவதாயின் ஒழுங்கு இது. சிவப்புக் கம்பியை முதலில் வெறுமையான பற்றரியின் நேர் முடிவிடத்திலும், பின்பு உதவும் காரின் நேர் முடிவிடத்திலும் பூட்டுங்கள். கறுப்புக் கம்பியை உதவும் காரின் மறை முடிவிடத்திற் பூட்டி, அதன் மறுமுனையை உதவி பெறும் காரின் பற்றரியில் அன்றி, அதற்கு எட்டவுள்ள பூச்சற்ற உலோகப் பகுதியிற் பூட்டுங்கள். கழற்றும்போது இவ்வொழுங்கைத் தலைகீழாகக் கொள்ளுங்கள். இரு கார்களின் கைநூல்களும் இதற்கு இடமளிக்கின்றனவா என்று முதலிற் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீதியில் நின்றுவிட்டால், எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீற்றர் பின்னால் வையுங்கள். வேகமாக வாகனங்கள் செல்லும் வீதியாயின் 100 மீற்றர். அம்முக்கோணம் பொதிகளின் அடியிற் புதையாமல், கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் விதியே. 1896 இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட சுவிஸ் ரூறிங் கழகத்தின் பழுது உதவி இலக்கம் 0800 140 140. உறுப்பினர் அல்லாதோர் கட்டணம் செலுத்த நேரிடும். உங்கள் காப்புறுதியிலேயே பழுது உதவி அடங்கியுள்ளதா என்பதை இன்றிரவே ஒப்பந்தத்தில் எடுத்துப் பாருங்கள். இரண்டு இடத்திற் பணம் கட்டுவோரும் உண்டு, ஓரிடத்திலும் இல்லாதோரும் உண்டு.

கராஜில் பேசுவதற்குச் சில சொற்கள்

ஓய்வில் அளந்த வோல்ற்றை ஜேர்மன் மொழியில் 'றூவஷ்பானுங்' என்பர். மின்பிறப்பாக்கி 'லிக்ற்மஷீன'. ஸ்ராட்டர் 'அன்லாசர்'. மின்னேற்றி 'லாடகெறேற்'. பிற காரிலிருந்து மின் பெறுதல் 'ஸ்ராற்ஹில்ஃப'. இந்த ஐந்து சொற்களும் மூன்று எண்களும் உங்கள் கையில் இருந்தால், 'கார் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லி நிற்க வேண்டியதில்லை. 'ஓய்வில் 12.6, தொடக்கத்தில் 9, ஓடும்போது 14.3' என்று சொல்லுங்கள். பற்றரி பழுது, மின்பிறப்பாக்கி நலம் என்பதைத் திருத்துநர் உடனே விளங்கிக்கொள்வார். தேவையற்ற வேலைக்குப் பணம் கொடுப்பதும் தவிரும். மொழி முழுமையாக வராதவர்க்கும் எண் துணை நிற்கும். அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

புதிய பற்றரி பூட்டும்போது பழையதன் வகையையே கேளுங்கள். ஸ்ரார்ட்-ஸ்ரொப் உள்ள காருக்குச் சாதாரணப் பற்றரி ஏற்றதன்று. சில கார்களிற் புதிய பற்றரியைக் கணினியிற் பதிவு செய்யவும் வேண்டும். பழைய பற்றரியை வீட்டுக் குப்பையிலோ காட்டோரத்திலோ இடலாகாது. அதில் ஈயமும் அமிலமும் உள்ளன. பயன்படுத்தி முடித்த பற்றரியைத் திருப்பிக் கொடுப்பது பாவனையாளரின் கடமை, அத்தகைய பற்றரியை விற்போர் அதனை இலவசமாகத் திரும்பப் பெறுவது அவர்களின் கடமை என்று சட்டம் வகுத்துள்ளது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஐப்பசியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை அளந்து, திகதியையும் மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காருக்குள் வையுங்கள். சென்ற முறை 12.6, இம்முறை 12.3 என்னும் வேறுபாடு, தனித்த ஓர் எண்ணிலும் பார்க்கத் தெளிவாகப் பேசும். உங்கள் மாடியில் தனித்து வாழும் முதியவர் எவரேனும் வைத்தியரிடம் செல்லத் தமது காரையே நம்பியிருப்பாராயின், அவரது பற்றரியையும் ஒருமுறை அளந்து கொடுங்கள். ஒரு மாடிக்கு ஒரு மல்ரிமீற்றர் போதும்.